கழிவு யாருக்குரியது? ஓசூர் மேட்டுநிலத்தில் பட்டுக்கூட்டுக் கைவினையின் வரலாற்றுப் பின்புலம்

ஆய்வுச் சுருக்கம்

கிருஷ்ணகிரி மாவட்டம் கெலமங்கலம் ஒன்றியத்தை உள்ளடக்கிய ஓசூர் மேட்டுநிலம் தமிழகத்தின் முதன்மையான பட்டுவளர்ப்புப் பகுதிகளுள் ஒன்றாகும். நூலெடுக்க உதவாத பட்டுக்கூடுகளைக் கொண்டு பூ, மாலை, வாழ்த்து அட்டை முதலியவற்றைச் செய்யும் எளிய கைவினை, மகளிர்க்கு உகந்த குறைந்த முதலீட்டு வீட்டுத்தொழிலாகப் பரிந்துரைக்கப்பட்டு வருகிறது. மூலப்பொருளான கழிவுக்கூடு புழு வளர்ப்போர் வீட்டிலேயே கிடைக்கும் என்னும் எண்ணம் இப்பரிந்துரைக்கு அடிப்படையாக உள்ளது. நோய்க்கட்டுப்பாட்டின் பொருட்டு முட்டை உற்பத்தி வீட்டிலிருந்து வித்தகத்துக்கு மாறியபோது, கைவினைக்கு ஏற்ற தூய கூடும் வீட்டைவிட்டு நீங்கியது என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: கெலமங்கலம், ஓசூர், பட்டுக்கூடு, வித்தகம், கைவினை, மகளிர் சுயஉதவிக் குழு, கழிவுப் பயன்பாடு.

முன்னுரை

பட்டின் வரலாறு பெரும்பாலும் நூலின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. நெசவாளர், வணிகர், கோயில், அரண்மனை, ஏற்றுமதி என்னும் வரிசையில் அவ்வரலாறு நகர்கிறது. பொருநராற்றுப்படையில் வேந்தன் கலைஞனுக்குப் பட்டாடை வழங்கும் செய்தி இடம்பெறுகிறது. பட்டு மேலோர் கொடுக்கும் பரிசாகத் தமிழ் மரபில் நெடுங்காலம் மதிக்கப்பட்டமைக்கு இது சான்றாகும். நூலாக மாறாத கூடு இவ்வரலாற்றில் இடம்பெறவில்லை. துளைபட்டது, கறைபட்டது, வெட்டப்பட்டது எனப் பலவகைக் கூடுகள் புழுவளர்ப்பின் ஒவ்வொரு சுற்றிலும் எஞ்சுகின்றன. அவற்றைக் கொண்டு செய்யப்படும் பூங்கொத்தும் மாலையும் வீட்டுப் பெண் தன் கையால் செய்து கொடுக்கும் பரிசுகளாகும்.

இக்கைவினை பற்றிய குறிப்புகள் பயிற்சிக் கையேடுகளிலும் திட்ட அறிக்கைகளிலும் ‘துணைப்பொருள் பயன்பாடு’ என்னும் தலைப்பின்கீழ் அடங்கிவிடுகின்றன. செய்முறை விளக்கப்படும் அளவுக்கு, செய்பொருள் எங்கிருந்து வருகிறது, அது எவருடைய உடைமை என்பன ஆராயப்படவில்லை. கெலமங்கலம் பகுதியை முன்வைத்து இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கெலமங்கலம்: நிலமும் மொழியும்

கெலமங்கலம் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தேன்கனிக்கோட்டை வட்டத்தில் அமைந்த பேரூராட்சியாகும். ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமும் அதுவே. பழைய சேலம் மாவட்டத்தைத் தாலகாட், பாராமகால், பாலகாட் என மூன்றாகப் பகுத்துக் கூறுவது ஆங்கிலேயர் ஆவணங்களின் வழக்கம். மலைத்தொடருக்கு மேற்பட்ட பாலகாட் பகுதியில் ஓசூரும் கெலமங்கலமும் அடங்கின. 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பாராமகால் கும்பினியாரின் ஆட்சிக்குள் வந்தது. மேட்டுநிலமோ 1799 வரை மைசூர் ஆட்சியிலேயே நீடித்தது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நோக்கிச் சென்ற ஜெனரல் ஹாரிஸின் படை ராயக்கோட்டை, கெலமங்கலம் வழியாகவே முன்னேறியது. 1965இல் தருமபுரி மாவட்டமும் 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டமும் உருவாயின.

ஏறத்தாழ 880 மீட்டர் உயரத்தில் உள்ள ஓசூரின் மிதமான வெப்பநிலை, வெண்பட்டுக்கூடு தரும் இருசந்ததிப் புழுவினங்களுக்கு ஏற்றது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய மொழிகள் இங்குப் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் ஒலிக்கின்றன. தமிழிலும் தெலுங்கிலும் ‘பட்டு’ என வழங்குவது கன்னடத்தில் பாரசீக வழிவந்த ‘ரேஷ்மெ’ ஆகிறது. ஆயினும் புழு கட்டும் உறை தமிழில் ‘கூடு’, தெலுங்கிலும் கன்னடத்திலும் ‘கூடு’ என்பதன் ஒலிப்பு வேறுபாடே. நூலின் பெயர் மொழிக்கு மொழி மாற, உறையின் பெயர் உறவுடைய சொல்லாக நிலைத்திருப்பது கருதத்தக்கது.

புழு வந்த வழி

மைசூர் நாட்டில் பட்டுப்புழு வளர்ப்பைத் திப்பு சுல்தான் முறைப்படத் தொடங்கினார். வங்காளத்துக்கு ஆள் அனுப்பிப் புழுக்களை வரவழைத்ததும், அவற்றைப் பேணுவதற்கு அலுவலர்க்குக் கட்டளையிட்டதும் கிர்க்பாட்ரிக் 1811இல் வெளியிட்ட திப்புவின் கடிதத் தொகுப்பால் தெரியவருகின்றன. அம்முயற்சி நிகழ்ந்த காலத்தில் கெலமங்கலம் மைசூர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது.

சென்னை மாகாணத்தின் பட்டுவளர்ப்பு, கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த கொள்ளேகால் வட்டத்தில் மையம் கொண்டிருந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலச் சீரமைப்பில் கொள்ளேகால் மைசூர் மாநிலத்துடன் இணைந்தது. தன் முதன்மைப் பட்டுவளர்ப்பு நிலத்தை இழந்த சென்னை மாநிலத்துக்கு, தட்பவெப்பத்தாலும் மைசூர் அண்மையாலும் ஒத்த நிலமாக ஓசூர் மேட்டுநிலம் எஞ்சியது. பின்னர்த் தமிழகத்தில் பட்டுவளர்ச்சிக்கெனத் தனித்துறை அமைந்தது. தமிழ்நாடு பட்டுவளர்ச்சிப் பயிற்சி நிலையமும், மத்தியப் பட்டு வாரியத்தின் புழு, மல்பெரி மரபுவளக் காப்பு மையமும் ஓசூரில் செயல்படுகின்றன.

கூடு கழிவாகும் முறை

முட்டையிலிருந்து வெளிவரும் புழு ஏறத்தாழ 25 நாள் மல்பெரி இலையை உண்டு வளர்கிறது. பின்னர்ச் சந்திரிகையில் ஏற்றப்பட்டு, இரண்டு மூன்று நாளில் கூடு கட்டி முடிக்கிறது. கூட்டினுள் அது கூட்டுப்புழுவாகி, மேலும் பத்துப் பன்னிரண்டு நாளில் அந்துப்பூச்சியாக வெளிவரும். நூலெடுக்க வேண்டிய கூட்டினுள் பூச்சி வெளிப்படுமுன் கூட்டுப்புழு சூட்டினால் கொல்லப்படுகிறது. இருசந்ததி இனக் கூடு ஒன்றிலிருந்து ஏறத்தாழ 1000 மீட்டர் நீளமுள்ள ஓரிழை கிடைக்கும். பூச்சி துளைத்து வெளிவந்த கூட்டில் அவ்விழை பல இடங்களில் அறுபடுவதால், இயல்பான முறையில் நூலெடுக்க இயலாது.

இவ்வகையில் கழிவுக்கூடு இரண்டு இடங்களில் தோன்றுகிறது. ஒன்று, முட்டை உற்பத்தி செய்யும் வித்தகம். அங்கு ஆண், பெண் கூட்டுப்புழுக்களைப் பிரித்தறிவதற்காகக் கூட்டின் ஒரு முனை வெட்டப்படுகிறது. அல்லது பூச்சி தானே துளைத்து வெளிவருகிறது. இக்கூடுகள் வெண்மையானவை, உருவில் ஒத்தவை, உள்ளே தூயவை. மற்றொன்று, புழு வளர்க்கும் வீடு. இங்கு எஞ்சுபவை மெல்லிய கூடு, இரண்டு புழு சேர்ந்து கட்டிய இரட்டைக்கூடு, உள்ளே புழு இறந்து கறைபட்ட கூடு, ஊஜி ஈயின் புழு துளைத்து வெளியேறிய கூடு ஆகியன. ஊஜி ஈ 1980இல் வங்காளத்திலிருந்து தற்செயலாகக் கர்நாடகத்துக்குள் வந்து, பின்னர் அண்டைப் பகுதிகளுக்கும் பரவியது. இவ்வகையில் வீட்டுக்கழிவின் ஒரு கூறு அண்மைக் காலத்தது.

இவ்விரு கழிவும் ஒன்றல்ல. பட்டுக்கூட்டுக் கைவினையின் வரலாற்றை அறிய இவ்வேறுபாடே திறவுகோலாகும்.

கூட்டிலிருந்து பூ

கைவினையின் செய்முறை இவ்வேறுபாட்டின் முக்கியத்துவத்தைத் தெளிவாக்கும். முதலில் கூட்டின் மேற்பஞ்சு நீக்கப்படுகிறது. வெட்டிய வாயின்வழி உள்ளே எஞ்சியுள்ள தோலும் தூசும் தட்டி எடுக்கப்படுகின்றன. கத்தரிக்கோலால் அடிவரை செல்லாதபடி நான்கு அல்லது ஐந்து கீற்றாக வெட்டி, ஒவ்வொரு கீற்றின் நுனியையும் வளைத்தால் இதழ்கள் அமைகின்றன. கூட்டின் சுவர் பல மென்படலங்களால் ஆனது. அப்படலங்களைத் தனித்தனியே உரித்தால் மேலும் மெல்லிய இதழ்கள் கிடைக்கும். பச்சைத்தாள் சுற்றிய கம்பியில் இதழ்களைப் பசையால் ஒட்டினால் பூ முழுமை பெறும். முழுக்கூடுகளைச் சரிகை நூலிலும் மணிகளுக்கு இடையிலும் கோத்தால் மாலையாகும். பட்டுவளர்ச்சித் துறை விழாக்களில் விருந்தினர்க்குக் கூட்டுமாலை அணிவிக்கும் வழக்கம் தென்னகத்தில் பரவலாக உள்ளது.

இக்கைவினைக்கு அடிப்படை செரிசின் என்னும் பசைப்புரதம் ஆகும். கூட்டுச் சுவரில் ஏறத்தாழ 20 முதல் 30 விழுக்காடு வரை செரிசினும் எஞ்சியது ஃபைப்ரோயின் என்னும் இழைப்புரதமும் உள்ளன. நெசவுக்குரிய பட்டுநூலின் மென்மையும் பளபளப்பும் செரிசின் நீங்கிய பின்னரே தோன்றும். கைவினைக்கோ செரிசின் இருப்பதே தேவை. வளைத்த இதழ் வளைந்தபடி நிற்பது அதனால்தான். சாயமிடும்போது நீர் நெடுநேரம் கொதித்தால் செரிசின் கரைந்து கூடு துவண்டுவிடும். ஆகவே மிதமான சூட்டில், குறைந்த நேரத்தில் சாயம் ஏற்றி நிழலில் உலர்த்த வேண்டும். மஞ்சள்தூளும் பட்டில் நேரடியாகப் பற்றும். ஆயினும் வெயிலில் நிறம் மங்கும். கத்தரிக்கோல், பசை, கம்பி, சாயம் ஆகியவற்றைத் தவிர வேறு கருவி தேவையில்லை.

எளிமையான இக்கைவினைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கூட்டினுள் கூட்டுப்புழுவின் எச்சம் சிறிதும் இருத்தல் கூடாது. எச்சம் இருப்பின் நாற்றம் வீசும். பழுப்புக் கறை மேலெழும். உலர்கூடுகளைத் தாக்கும் வண்டினம் வந்து சேரும். பரிசாகக் கொடுத்த பூங்கொத்து சில மாதங்களில் உதிர்ந்துபோகும். எனவே நீடித்து நிற்கும் பொருளுக்கு ஏற்றது வித்தகத்தின் வெட்டுக்கூடே. வீட்டில் எஞ்சும் கறைக்கூடு இப்பணிக்குப் பெரும்பாலும் உதவாது.

வீட்டிலிருந்து வித்தகத்துக்கு

முற்காலப் பட்டுவளர்ப்பில் நல்ல கூடுகள் சிலவற்றை அடுத்த சுற்றின் முட்டைக்கெனப் புழு வளர்ப்போரே ஒதுக்கி வைப்பதுண்டு. பூச்சி வெளிவந்து முட்டையிட்ட பின், துளைபட்ட கூடு அவ்வீட்டிலேயே தங்கிற்று. இந்நிலை மாறியதற்குப் பெப்ரின் என்னும் நோயே காரணமாகும். தாய்ப்பூச்சியிடமிருந்து முட்டை வழியே அடுத்த தலைமுறைக்குத் தொற்றும் இந்நோய் 19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் பட்டுத்தொழிலைச் சிதைத்தது. முட்டையிட்ட தாய்ப்பூச்சியை நுண்ணோக்கியால் ஆய்ந்து, நோயற்றதன் முட்டைகளை மட்டும் பயன்படுத்தும் முறையை லூயி பாஸ்டர் வகுத்தார். அவருடைய ஆய்வு நூல் 1870இல் வெளிவந்தது.

பாஸ்டரின் முறைக்கு நுண்ணோக்கியும் பயிற்சி பெற்ற கண்ணும் தேவைப்பட்டன. அவை சிற்றூர் வீடுகளில் இல்லை. ஆதலின் முட்டை உற்பத்தி, உலகெங்கும் படிப்படியாக நிறுவனப் பணியாயிற்று. மைசூர் மாநிலம் 1959இல் புழுவிதை, கூடு ஆகியவற்றின் உற்பத்தியையும் வழங்கலையும் ஒழுங்குபடுத்தச் சட்டம் இயற்றியது. மத்தியப் பட்டு வாரியச் சட்டத்தின் 2006ஆம் ஆண்டுத் திருத்தம் புழுவிதையின் தரத்தை நாடு முழுமைக்கும் உரிய ஒழுங்குமுறைக்குள் கொண்டுவந்தது. நோயற்ற முட்டைத்தொகுதி இன்றி இன்றைய பட்டுவளர்ப்பு ஒரு சுற்றும் நிலைத்திராது. ஆகவே இம்மாற்றம் தேவையானதே.

எனினும் இம்மாற்றத்தின் உடன்விளைவு ஒன்று கவனம் பெறவில்லை. முட்டை இடம்பெயர்ந்தபோது துளைக்கூடும் உடன் இடம்பெயர்ந்தது. விதைக்கூட்டைப் பயிர்செய்யும் உழவர் அதை உயிருள்ள நிலையில் வித்தகத்துக்கு விற்கிறார். பூச்சி வெளிவந்த பின் எஞ்சும் கூடு வித்தகத்தின் துணைவருவாய் ஆகிறது. மொத்தமாக விற்கப்பட்டு, கழிவுப்பட்டிலிருந்து நூல் நூற்கும் ஆலைகளுக்குச் செல்கிறது. கூட்டுப்புழுவைக் கொல்லாமல் பெறப்படும் ‘அகிம்சைப் பட்டு’ என்னும் வகைக்கும் இத்தகைய கூடே மூலப்பொருளாகும். இவ்வகையில் வெட்டுக்கூட்டுக்கு ஏற்கெனவே விலையும் கொள்வோரும் உண்டு. ‘கழிவு’ என்னும் பெயர் அதனை உரியவரற்ற பொருளாகக் காட்டிவிடுகிறது.

1989: ஒரே ஆண்டில் இரு திட்டங்கள்

கெலமங்கலம் அன்றைய தருமபுரி மாவட்டத்தில் அடங்கியிருந்தது. 1989 செப்டம்பரில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தமிழகத்தின் மகளிர் வளர்ச்சித் திட்டம் அம்மாவட்டத்தில் தொடங்கப்பெற்றது. 1983இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் இதனை நடத்தியது. தமிழகத்தில் மகளிர் சுயஉதவிக் குழு இயக்கத்தின் தொடக்கமாக இது கருதப்படுகிறது. அதே 1989இல் உலக வங்கி உதவியுடன் தேசியப் பட்டுவளர்ப்புத் திட்டம் தொடங்கிற்று. தமிழகம் அதில் இடம்பெற்ற மாநிலங்களுள் ஒன்று.

ஒரு திட்டம் பெண்களைச் சேமிப்புக் குழுக்களாக ஒருங்கிணைத்தது. மற்றொரு திட்டம் மல்பெரிப் பரப்பு, முட்டை உற்பத்தி, நூற்பு, சந்தை ஆகியவற்றை விரிவாக்கியது. இலை பறித்தல், உணவிடல், படுக்கை மாற்றல், சந்திரிகையில் புழு ஏற்றல் எனப் புழுவளர்ப்பின் பணிகளில் பெரும்பகுதி பெண்களின் கையால் நடைபெறுவது. ஆகவே இரு திட்டங்களும் பல வேளைகளில் ஒரே பெண்ணை நோக்கியன. ஆயினும் குழுவுக்குக் கைவினை கற்பிப்பது ஒரு துறையின் பணியாகவும், வெட்டுக்கூட்டை விற்பது மற்றொரு துறையின் கணக்காகவும் பிரிந்து நின்றன. பயிற்சி நாளில் மேசைமீது வைக்கப்படும் தூய வெண்கூடு பயிற்சி முடிந்தபின் எங்குக் கிடைக்கும் என்னும் வினா இவ்விரு கணக்குகளுக்கும் இடையில் விடையின்றி நிற்கிறது.

2011ஆம் ஆண்டு மத்திய வரவுசெலவுத் திட்டத்தில் கச்சாப் பட்டின் இறக்குமதி வரி 30 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. தொடர்ந்து கூட்டின் விலை சரிந்து, தென்னகப் புழு வளர்ப்போர் பெரும் இன்னலுக்கு உள்ளாயினர். இத்தகைய காலங்களில் துணைவருவாய் பற்றிய பேச்சு வலுப்பெறுவது இயல்பு. அதே வேளையில் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைகளும், அண்மையில் உத்தனப்பள்ளி, கெலமங்கலம் வட்டாரத்தில் எழுந்த மின்னணு உதிரிபாக ஆலையும் இளம்பெண்களை வேலைமுறைக்கு அழைத்துக்கொள்கின்றன. வீட்டில் எஞ்சும் உழைப்பு பெரும்பாலும் முதியோருடையதும், கைக்குழந்தை உடையோருடையதும் ஆகும். குறைந்த முதலீட்டுக் கைவினை எவர்க்குப் பயன்படக்கூடும் என்பதை இச்சூழலில் வைத்தே மதிப்பிட வேண்டும்.

ஜப்பானிய ஒப்பீடு

நூற்புக்கு உதவாத கூடு வீட்டிலேயே தங்கினால் என்ன விளையும் என்பதற்கு ஜப்பான் நல்ல எடுத்துக்காட்டு. அங்குப் பட்டுவளர்ப்போர் விற்க இயலாத இரட்டைக்கூடுகளையும் பழுதுற்ற கூடுகளையும் வீட்டிலேயே வேகவைத்து விரித்துப் பட்டுப்பஞ்சாக்கினர். அதிலிருந்து கையால் நூல் இழுத்துத் ‘த்ஸுமுகி’ என்னும் துணியை நெய்தனர். அவ்வகையைச் சார்ந்த ‘யூக்கி த்ஸுமுகி’ நெசவு 2010இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. பொங்கல் திருநாளை ஒட்டிய சனவரி நடுப்பகுதியில், பட்டுவளர்ப்பு மிக்க ஊர்களில் அரிசிமாவைக் கூடு வடிவில் உருட்டி மரக்கிளையில் தொங்கவிட்டு நல்விளைச்சல் வேண்டும் வழக்கமும் அங்குண்டு.

அங்குக் கைவினை வளர்ந்தது பயிற்சி வகுப்பால் மட்டுமன்று. பழுதுற்ற கூட்டின்மீது வீட்டுக்கு இருந்த உரிமையும் அதற்கு வழிவகுத்தது. மேலும், வீட்டுக்கழிவின் இயல்புக்கு ஏற்ற செய்முறை அங்கு உருவாயிற்று. கறையும் ஒழுங்கின்மையும் வேகவைத்து விரிக்கும் முறையில் தடையாகவில்லை. ஓசூர் வட்டாரத்துக்குப் பரிந்துரைக்கப்படும் கூட்டுப்பூவோ வித்தகக் கழிவின் இயல்பை அடிப்படையாகக் கொண்டது. வீட்டுக்கழிவை மூலப்பொருளாகக் கொள்ளும் மாற்றுச் செய்முறை பற்றி எண்ணுவதற்கு இவ்வொப்பீடு இடம் தருகிறது.

அளவும் வாய்ப்பும்

வெட்டுக்கூட்டின் ஒரு பகுதியைக் குழுக்களுக்கு ஒதுக்குவது வித்தகத்தின் வருவாயைப் பெரிதும் பாதிக்குமா என்பது எழக்கூடிய தடை. இருசந்ததி இனத்தின் வெற்றுக்கூடு ஒன்று ஏறத்தாழ 0.4 கிராம் எடையுடையது. ஆகவே ஒரு கிலோவில் ஏறத்தாழ 2500 கூடுகள் அடங்கும். நூறு கூடு கோத்த மாலைக்கு 40 கிராம் போதும். 25 மாலைகளுக்கு ஒரு கிலோ போதுமானது. கூட்டை எடையால் விற்கும் வித்தகத்துக்கு ஒரு கிலோ சிறிய அளவு. எண்ணிக்கையால் பயன்படுத்தும் கைவினைஞர்க்கு அது பல வாரப் பணி. எடைக்கும் எண்ணிக்கைக்கும் இடையிலுள்ள இவ்வேறுபாடே ஒதுக்கீட்டுக்கு வாய்ப்பளிக்கிறது. ஆலைக்கு விற்கும் அதே விலைக்குச் சிறு அளவில் குழுக்களுக்கு விற்கும் ஏற்பாடு இருப்பினும் வித்தகத்துக்கு இழப்பு நேராது. இன்றைய மொத்த விற்பனை முறையில் ஓரிரு கிலோ வாங்க விரும்பும் பெண்ணுக்கு இடமில்லாமையே தடையாகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. ஓசூர் மேட்டுநிலத்தின் பட்டுவளர்ப்பு மைசூர் ஆட்சி, மாநிலச் சீரமைப்பு, நோய்க்கட்டுப்பாடு, வளர்ச்சித் திட்டங்கள் ஆகியவற்றின் தொடர்ச்சியில் உருவானது. அத்தொடர்ச்சியில் முட்டை உற்பத்தி நிறுவனமயமானபோது கைவினைக்குரிய தூய கூடும் வீட்டைவிட்டு நீங்கியது. வீட்டில் எஞ்சிய கழிவு வேறு இயல்பினது. அதற்கெனச் செய்முறை வகுக்கப்படவில்லை. எனவே பயிற்சி பெற்ற பெண் கூட்டுப்பூவைத் தொடர்ந்து செய்யாது விட்டால், அதனை ஆர்வக்குறைவாகவோ திறன்குறைவாகவோ கணிக்கும் முன்னர், அவள் கைக்குக் கூடு எட்டியதா என்று வினவுதல் வேண்டும்.

கெலமங்கலம் ஒன்றியத்தின் ஒரு வீட்டில் புழுவுக்கு நள்ளிரவிலும் இலையிடும் பெண், தான் வளர்த்த கூட்டில் ஒரு பூ செய்து மகளின் திருமணத்துக்கு வைக்க விரும்பினால், அக்கூட்டை அவள் விலைக்கு வாங்கவும் வழியில்லாதிருப்பது பட்டு வரலாற்றின் சிறிய செய்தியே. ஆயினும் பொருளின் உரிமை எவ்வாறு ஓசையின்றிக் கைமாறுகிறது என்பதற்கு அதனினும் தெளிவான சான்று தேவையில்லை. வித்தகங்களின் துணைப்பொருள் விற்பனைப் பதிவேடுகளையும் மகளிர் குழுக்களின் பயிற்சிப் பதிவேடுகளையும் ஒருங்கே வைத்து ஆராய்வது இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.